ரப்பர் மூடியைத் தின்னும் காற்று

கடல் கயாக் என்பது ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளமும் அரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமும் கொண்ட ஒற்றையாள் படகு. உட்காரும் குழிக்கு முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து, உட்புறத்தைத் தனித்தனி அறைகளாக அடைத்திருப்பார்கள். கூடாரம், சாப்பாடு, மாற்று உடை எல்லாம் அந்த அறைகளுக்குள் போகும். படகு கவிழ்ந்தாலும் அதை மிதக்க வைப்பது அந்த அறைகளில் அடைபட்ட காற்றுதான். அறைக்குள் கை நுழைய மேல்தளத்தில் ஒரு வாய் இருக்கும். அந்த வாயை மூடுவது ஒரு கறுப்பு ரப்பர் மூடி. ஹேட்ச் மூடி என்று பெயர். 70 லிட்டர் கொள்ளும் அறையின் மூடி அலைக்குள் கழன்றாலோ கிழிந்தாலோ, உள்ளே வந்து சேர்வது 70 கிலோ தண்ணீர். அதற்குப் பிறகு அந்தப் படகைத் துடுப்பால் திருப்புவதும் கடினம், நிமிர்த்துவதும் கடினம். கையில் எடுத்தால் கனமே தெரியாத ஒரு ரப்பர் வட்டத்தை நம்பித்தான் கரையை விட்டுக் கிளம்புகிறார்கள்.

இந்த மூடி சில ஆண்டுகளில் வெளிறும். விளிம்பில் மயிரிழை போலக் கோடுகள் தோன்றும். பிறகு ஒருநாள் திறக்கும்போது கையோடு ஒரு துண்டு வந்துவிடும். 'வெயிலில் கிடந்து போயிற்று' என்பார்கள். வெயிலுக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விளிம்பைப் பிளந்து மூடியைக் கொல்வது பெரும்பாலும் வெயிலல்ல; காற்றில் கலந்திருக்கும் ஓசோன். அந்த ஓசோனுக்குக் கதவைத் திறந்துவிடுவது ரப்பரின் இழுபட்ட நிலை. வெயிலுக்காக மேலே எதையாவது பூசுகிறோம். இழுப்பைத் தளர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மூடியின் ஆயுளைக் கூட்ட விரும்புபவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

மூடி எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். படகின் வாயைச் சுற்றிக் கெட்டியான ஒரு விளிம்பு இருக்கும். ரப்பர் மூடியின் உட்புறத்தில் அந்த விளிம்பைக் கவ்வும் பள்ளம் ஓடும். மூடியின் சுற்றளவு படகு விளிம்பின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் இழுத்து மாட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான் தண்ணீரும் புகுவதில்லை. திருகாணியும் கிடையாது, கொக்கியும் கிடையாது. இழுபட்ட ரப்பர் பழைய அளவுக்குத் திரும்பத் துடிக்கும் அந்தத் துடிப்புதான் பூட்டு. நாட்டிங்ஹாமில் ஃபிராங்க் குட்மன் தொடங்கிய 'வேலி' (Valley) நிறுவனம் இந்தக் கறுப்பு வட்ட மூடிகளால் கயாக் உலகில் பெயர் பெற்றது. அவர் வடிவமைத்த நார்ட்காப் படகுகளில்தான் 1977-ல் அவரும் இன்னும் மூன்று பேரும் தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி வந்தார்கள். அப்படிப்பட்ட கடல்களுக்குப் போகும் படகில், மாட்டிய நொடியிலிருந்து கழற்றும் நொடிவரை அந்த மூடியின் விளிம்பு இழுபட்டே இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதையொட்டித்தான்.

ரப்பர் எதனால் ஆனது? கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கும், மலேசியத் தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அது வெள்ளைப் பாலாகத் தெரியும். அந்தப் பாலில் மிதப்பவை மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். ஐந்து கார்பனும் எட்டு ஹைட்ரஜனும் கொண்ட ஒரே கண்ணி ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டால் ஒரு சங்கிலி. ஐந்துக்கு எட்டு என்ற இந்த விகிதத்தை 1826-லேயே மைக்கேல் ஃபாரடே கண்டுசொன்னார். ஒவ்வொரு கண்ணியிலும் ஓரிடத்தில் இரண்டு கார்பன்கள் ஒற்றைப் பிணைப்புக்குப் பதிலாக இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கும். ரப்பரின் பலவீனம் அந்த இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது.

பச்சை ரப்பர் கோடையில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கினால் இரண்டு தொல்லையும் தீர்வதைக் கண்டார். சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது. அதனால் இழுத்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்கிப் போகாமல் திரும்பி வருகின்றன. வல்கனைசிங் என்று இதைச் சொல்கிறோம். ஆனால் கந்தகம் பாலம் போடும் இடங்கள் கொஞ்சம்தான். சங்கிலி நெடுகிலும் பெரும்பாலான இரட்டைப் பிணைப்புகள் அப்படியே மிஞ்சிவிடுகின்றன.

அதே 1839-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கிறிஸ்டியன் ஷோன்பைன் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது ஒரு வினோதமான நெடியை உணர்ந்தார். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயுவின் நெடி அது. அடுத்த ஆண்டு அதற்கு ஓசோன் என்று பெயரிட்டார். ரப்பர் நீடித்து உழைக்கும் பொருளான ஆண்டும் அதை அறுக்கும் வாயு அறிமுகமான ஆண்டும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஓசோன் இரட்டைப் பிணைப்பைத் தேடிப் போய் நறுக்கும் வாயு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் ஹாரிஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ரப்பரின் அமைப்பை அறிய ஓசோனையே கருவியாக்கிக்கொண்டார். ஓசோனால் ரப்பரைத் துண்டாக்கி, கிடைத்த துண்டுகளை ஆராய்ந்து, இரட்டைப் பிணைப்புகள் எந்த இடைவெளியில் வருகின்றன என்று கணித்தார். ஆய்வகத்தில் அவர் வேண்டுமென்று செய்ததையே காற்று உங்கள் படகின் மூடியில் தினமும் செய்கிறது.

தரைமட்டக் காற்றில் ஓசோன் மிகக் குறைவு. நூறு கோடிப் பங்கில் 20 முதல் 50 பங்கு என்பது சாதாரண அளவு. இவ்வளவு சொற்பம் ஒரு ரப்பர் துண்டை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குப் பதில் தெரியும். இரண்டாம் உலகப் போரின் காலத்திலிருந்து அந்த நகரத்தைக் கண்ணெரியும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, அங்கே ஓடிய கார்களின் டயர்ப் பக்கங்கள் மற்ற ஊர்களைவிட வேகமாக வெடித்தன. கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மித் இதையே அளவுகோலாக மாற்றினார். வளைத்துக் கட்டிய ரப்பர்ப் பட்டையைக் காற்றில் வைத்து, முதல் வெடிப்பு தோன்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால் காற்றில் ஓசோன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். 1951-ல் அவரும் பிராட்லி என்ற ஆய்வாளரும் இந்த முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். வாகனப் புகையும் எரிபொருள் ஆவியும் வெயிலில் வெந்து ஓசோனைப் பிறப்பிக்கின்றன என்று அவர் நிறுவியது பின்னர் கலிஃபோர்னியாவின் காற்றுத் தூய்மைச் சட்டங்களுக்கே அடித்தளமானது.

அந்தச் சோதனையில் ஒரு சொல்லைத் தவறவிடக் கூடாது: வளைத்துக் கட்டிய பட்டை. நேராகக் கிடத்திய பட்டை அப்படி வெடிக்காது. ஓசோன் அதன் மேற்பரப்பிலுள்ள பிணைப்புகளையும் நறுக்கத்தான் செய்யும். ஆனால் தளர்ந்து கிடக்கும் ரப்பரில் நறுக்குப்பட்ட முனைகள் விலகிப் போவதில்லை. மெல்லிய தோல் ஒன்று படிந்து, அதற்குக் கீழே ஓசோன் இறங்குவது தடைபடும். இழுபட்ட ரப்பரில் கதையே வேறு. ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவர் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டு சின்னது, கிழிப்பது இழுப்பு. ஓசோன் போடும் நறுக்கு அந்த வெட்டு. முனைகள் விலகும்போது அடியிலிருந்து புதிய ரப்பர் வெளிப்படும், அதையும் ஓசோன் நறுக்கும், பிளவு இன்னும் ஆழமாகும். இதற்குப் பெரிய இழுப்பும் தேவையில்லை. சில சதவீதம் நீண்டிருந்தாலே போதும். கயாக் மூடியின் விளிம்பு மாட்டிய நேரமெல்லாம் அந்த எல்லையைத் தாண்டியே நிற்கிறது.

ரப்பர்த் தொழிலில் இதைச் சோதிக்கும் முறையும் இப்படித்தான். மாதிரித் துண்டை 20 சதவீதம் இழுத்துக் கட்டி, 40 டிகிரி வெப்பத்தில், சாதாரணக் காற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஓசோன் நிரம்பிய பெட்டிக்குள் வைத்து, லென்ஸ் வழியே வெடிப்பைத் தேடுவார்கள். இழுக்காமல் வைத்தால் அது சோதனையே அல்ல.

உங்களிடம் பழைய மூடி இருந்தால் கையில் எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் மெல்ல மடக்கிப் பாருங்கள். ஓசோன் வெடிப்புக்கு ஒரு ஒழுங்கு உண்டு: இழுபட்ட திசைக்குக் குறுக்கே ஓடும். விளிம்பு சுற்றளவில் இழுபட்டதால் வந்த வெடிப்புகள் மையத்தை நோக்கி, சக்கரத்து ஆரங்களின் திசையில், ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். விளிம்பு மடிந்து வளைந்த இடத்தில் வந்தவை மடிப்பை ஒட்டியே வட்டமாகப் போகும். ஆரவாக்கில் ஓடும் வெடிப்புகளை நான் அதிகம் அஞ்சுவேன். மூடியைத் திறக்க விளிம்பைப் பிடித்து இழுக்கும்போது அவைதான் வாய் பிளக்கும். மூடியின் நடுப்பகுதியில், எந்த ஒழுங்கும் இல்லாமல், வறண்ட குளத்து மண் மாதிரி நாலா பக்கமும் நுண்கோடுகள் விழுந்திருந்தால் அது வெயிலின் வேலை. இழுபடாத இடத்திலும் அது வரும், ஆழமும் குறைவு. பார்க்க அசிங்கமாக இருப்பது இந்த இரண்டாவது வகை. ஆபத்து முதல் வகை.

வெயிலின் பங்கு என்ன என்று இப்போது கேட்கலாம். புற ஊதாக் கதிர் ரப்பர்ச் சங்கிலிகளை உடைத்து, உடைந்த முனைகளில் ஆக்சிஜனை ஏற்றிவிடுகிறது. அதனால் மேற்பரப்பு கடினமாகும் அல்லது பிசுபிசுக்கும். எது நடக்கும் என்பது ரப்பரின் வகையைப் பொறுத்தது. ஆனால் இந்த மூடிகள் கறுப்பாக இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. கார்பன் பிளாக் என்ற நுண்கரித் தூளைக் கலந்திருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை டயர்கள் வெளிர்நிறத்தில்தான் இருந்தன. கரி சேர்த்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது என்று கண்டபிறகே அவை கறுத்தன. அந்தக் கரியே புற ஊதாக் கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுவதால் உள்ளே இருக்கும் ரப்பருக்கு நிழல் கிடைக்கிறது. நிறத்துக்காகக் கரியை விட்டுவிட்டுச் சாயம் கலந்த ரப்பர்கள் வெயிலில் இந்த அளவு தாங்குவதில்லை.

கறுப்புக்கு ஒரு விலையும் உண்டு. வெயிலில் கிடக்கும் கறுப்பு மூடி 60 டிகிரியை எட்டும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ரப்பர் முதுமையடையும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது அந்தத் துறையில் கைக்கணக்கு. போதாததற்கு, வெயில் ஓசோனையும் காற்றிலேயே தயாரிக்கிறது. பிற்பகலில் அதன் அளவு உச்சத்தைத் தொடும். நகர மையத்தில் வாகனப் புகையே ஓசோனில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், நகரத்தைவிட்டுத் தள்ளி, நல்ல காற்று என்று நாம் நினைக்கும் இடத்தில் ஓசோன் கூடுதலாக இருப்பதும் உண்டு. சுத்தமான கடற்கரையில் வைத்த படகு பாதுகாப்பாக இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரமில்லை.

இழுப்பைக் கூட்டும் இன்னொரு காரணம் பலர் கண்ணுக்கே படுவதில்லை. அது படகின் உள்ளே இருக்கும் காற்று. அதிகாலை 20 டிகிரியில் மூடிகளை அழுத்தி மாட்டிப் படகைக் காரின் கூரையில் கட்டுகிறீர்கள். வழியில் வெயில் ஏறி, அறைக்குள் இருக்கும் காற்று 50 டிகிரிக்கு வருகிறது. காற்று வெளியேற வழியில்லை என்றால் உள்ளே அழுத்தம் பத்து சதவீதம் கூடும். 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மூடியின் பரப்பு ஏறக்குறைய 450 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 100 கிராம் கூடுதல் அழுத்தம் என்றால் மொத்தம் 45 கிலோ. வளர்ந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் உள்ளேயிருந்து மூடியை முட்டித் தள்ளும் அளவு. நடைமுறையில் மூடி குடைபோல் உப்பும், விளிம்பில் கொஞ்சம் காற்று கசியும், அதனால் முழு அழுத்தமும் ஏறுவதில்லை. ஆனால் உப்பிய மூடி என்பது நன்றாக இழுபட்ட ரப்பர். அதுவும் உச்சி வெயிலில், ஓசோன் மிகுந்த பிற்பகல் காற்று நெடுஞ்சாலை வேகத்தில் உரசிக்கொண்டு போகும்போது. ஓசோன் பெட்டிச் சோதனைக்கு வேண்டியதெல்லாம் காரின் கூரையிலேயே கூடிவிடுகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். சூடான படகை நேரே 15 டிகிரிக் கடலில் இறக்கினால் உள்காற்று சுருங்கும். மூடி குழிந்து உள்ளே உறிஞ்சப்படும். குழிந்த விளிம்பு கவ்வலிலிருந்து விலகித் தண்ணீரை உள்ளே விடலாம். இல்லையென்றால் திறக்கவே முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். அப்போது சாவியாலோ துடுப்பின் ஓரத்தாலோ நெம்புவார்கள், நுண்வெடிப்புள்ள விளிம்பு அங்கேயே கிழியும். நல்ல தயாரிப்பாளர்கள் தடுப்புச் சுவரில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். அழுத்தம் சமன்படத்தான் அது. தண்ணீர் கசிகிறது என்று நினைத்து அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்துவிடுகிறவர்கள் உண்டு, அடைக்க வேண்டாம். துளையில் மணல் ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது ஒரு குச்சியால் குத்திப் பார்த்தால் போதும்.

காரில் போகும்போது மூடிகளைக் கழற்றி, தளர்ந்த நிலையில், காருக்குள் நிழலில் போட்டுக்கொள்வதுதான் சிறந்த வழி. மழைத்தண்ணீர் கொஞ்சம் உள்ளே போனால் கவிழ்த்துக் கொட்டிவிடலாம். கரைக்கு வந்ததும் படகை நிழலில் அல்லது ஆழமில்லாத தண்ணீரில் சற்றுக் குளிர விட்டு, பிறகு மூடுங்கள். மூடும்போது கடைசி ஓரத்தை மாட்டுவதற்கு முன் நடுவில் லேசாக அமுக்கிக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டால் மூடி உப்பாது. நடுவில் நின்று இளைப்பாறும் இடத்தில் படகு வெயிலில் கிடக்கப் போகிறது என்றால் ஒரு ஓரத்தை நெகிழ்த்திவிடுங்கள். தண்ணீரில் இறங்குமுன் எல்லா மூடியையும் விளிம்பு சுற்றிலும் விரலால் தடவிச் சரிபார்ப்பது எப்படியும் செய்ய வேண்டிய காரியம்.

ரப்பர்க் கலவைக்குள் ஆலையே சில காவலர்களை வைத்து அனுப்புகிறது. ஒன்று மெழுகு. கலவையில் கரைந்திருக்கும் மெழுகு மெல்ல மெல்ல மேலே ஊறிவந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து, ஓசோனைத் தடுக்கும். அசையாமல் இருக்கும் ரப்பருக்கு இது நல்ல கவசம். அடிக்கடி மடங்கினால் படலம் உடையும். அதற்காக இன்னொரு வகை வேதிப்பொருளையும் சேர்ப்பார்கள். அது ஓசோன் ரப்பரைத் தொடுமுன் தானே முந்திக்கொண்டு ஓசோனோடு வினைபுரிந்து அழியும். பழைய டயர்களின் பக்கத்தில் தெரியும் பழுப்புச் சாயல் பெரும்பாலும் இந்தக் காவலர்கள் மேலே வந்து தங்கிய தடயம்.

மூடிமேல் மங்கலான படலம் தெரிந்தால் பெட்ரோலையோ தின்னரையோ தொட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் நான் பார்த்தவற்றுள் மிகக் கெட்ட பழக்கம். விரலால் தேய்த்துப் பாருங்கள். விரல் வழுக்கி, மெழுகுத்தன்மை தெரிந்தால் அது காவல், விட்டுவிடுங்கள். விரலில் கரி ஒட்டினால் மேற்பரப்பு ரப்பர் சிதைந்து தூளாகிறது என்று பொருள். அதற்கும் பெட்ரோல் மருந்தாகாது.

ஓசோனை முந்திக்கொள்ளும் அந்த வேதிப்பொருள்களில் டயர்களில் அதிகம் புழங்குவது 6பிபிடி. அதன் மறுபக்கம் தெரியவந்தது அமெரிக்காவின் வடமேற்கில். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் என்ற கடற்பரப்பு கயாக்காரர்களின் சொர்க்கம். அங்கே ஓடைகளில் முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்தவுடன் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதப்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2020-ன் இறுதியில் வாஷிங்டன் ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் விடையை வெளியிட்டார்கள். டயர்த் தூளிலுள்ள 6பிபிடி ஓசோனோடு வினைபுரியும்போது உருவாகும் குவினோன் வகைச் சேர்மம் ஒன்று மழைநீரோடு ஓடையில் கலந்து மீன்களைக் கொன்றது. 2023-ல் கலிஃபோர்னியா அரசு, 6பிபிடி உள்ள டயர்களுக்கு மாற்று தேடும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. கயாக் மூடிகளைக் கோடிக்கணக்கான டயர்களோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் ரப்பரைக் காப்பது என்பது அதற்குள் எதையோ வைப்பது, அந்த எதுவோ ஒருநாள் தண்ணீருக்குத்தான் போகிறது. மேலும் மேலும் ரசாயனம் பூசுவதைவிட நிழலையும் தளர்வையும் நான் முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூசவே கூடாது என்றில்லை. கயாக்காரர்கள் பெரும்பாலும் கையாள்வது 303 என்று எண்ணால் அறியப்படும் திரவம். தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. பெட்ரோலியக் கரைப்பான் இல்லாதது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய படலத்தை விட்டுச்செல்வது. உப்பில்லாத தண்ணீரில் மூடியைக் கழுவி, உலர்த்தி, துணியில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மேல்முகத்தோடு நிறுத்திவிடாமல் விளிம்பின் மடிப்புக்குள்ளும் அதன் உட்பள்ளத்திலும் தேய்ப்பது முக்கியம். மாட்டுவதும் கழற்றுவதும் வழுவழுவென்று நடக்கும். இழுத்துப் பிய்க்கும் தேவை குறையும். அந்தப் பயன் வெயில் தடுப்பைவிடப் பெரியது என்றே சொல்வேன். படலம் மெல்லியது, கடலலையில் கழுவிப்போகும். பருவகாலத்தில் மாதத்துக்கு ஒருமுறையேனும் புதுப்பிக்காவிட்டால் பூசியும் பூசாத கணக்குத்தான். ஏற்கெனவே விழுந்த வெடிப்பை அது ஒட்டவைக்காது, கறுப்பாக்கி மறைத்துவிடும். அதனால் முதலில் வெடிப்பு பார்க்க வேண்டும், பிறகு பூச வேண்டும்.

தூய சிலிகான் எண்ணெய் ரப்பரை ஊதவைக்காது. ஆனால் ஸ்ப்ரே டப்பாவில் வரும்போது அதோடு பெட்ரோலியக் கரைப்பானும் சேர்ந்து வரலாம். லேபிளைப் படித்து வாங்குங்கள். சிலிகான் படகின் ஃபைபர் மேல்தளத்தில் படிந்துவிட்டால் பின்னால் அங்கே ஜெல்கோட் என்ற மேற்பூச்சால் ஒட்டுப்போடுவது பெரும்பாடு என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். வாசலின், மோட்டார் கிரீஸ், மண்ணெண்ணெய் மூன்றுக்கும் இடமே இல்லை. இயற்கை ரப்பரும் ஒரு ஹைட்ரோகார்பன்தான். தன் இனத்து எண்ணெயைக் குடித்து ஊதும், ஊதினால் வலுவிழக்கும். சமையல் எண்ணெய்க்கும் இதே விதி. சன்ஸ்கிரீன் தடவிய கையால் மூடியைத் திறந்து மூடுவதையும் முடிந்தவரை தவிர்க்கலாம்.

எல்லா மூடிகளும் ஒரே ரப்பர் அல்ல. இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. ஓசோன் நறுக்க அங்கே ஒன்றும் இல்லாததால் கார்க் கதவுகளின் ஓரப்பட்டைகள் அதில் செய்யப்படுகின்றன. 1930-ல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் பிறந்த நியோப்ரீனில் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குளோரின் ஓசோனின் ஆவலைக் குறைத்துவிடுகிறது. சில படகுகளில் உள்ளே நியோப்ரீன் உறை, மேலே கெட்டியான பிளாஸ்டிக் தகடு என்று இரட்டை மூடி வைப்பதைப் பார்க்கலாம். தகடு நிழல் தருகிறது, உறை நீரைத் தடுக்கிறது. என் கண்ணுக்கு அது நல்ல ஏற்பாடு.

தேய்மானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூடியின் பள்ளத்துக்குள் மணல் தங்கினால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் உப்புத்தாள் தேய்க்கிற வேலை நடக்கும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரால் மூடியின் உட்பள்ளத்தையும் படகின் விளிம்பையும் கழுவுவது ஐந்து நிமிட வேலை. காரில் கட்டும் பட்டை மூடிக்கு மேலே போகக் கூடாது. மேல்தளத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் எலாஸ்டிக் கயிறு விளிம்பை உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். திறக்கும்போது ஒரே இடத்தைப் பிடித்து இழுப்பதுதான் வழக்கம். அந்த ஓரம்தான் முதலில் போகும். மூடியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுழற்றி மாட்டினால், பிடிக்கும் இடமும் மாறும், தேய்மானமும் பங்கிடப்படும். வட்ட மூடிகளுக்கு இந்த வசதி உண்டு, நீள்வட்ட மூடிகளுக்கு இல்லை.

பருவம் முடிந்து படகை ஏறக்கட்டும்போது மூடிகளை மாட்டியே வைப்பதுதான் பெருவழக்கம். எலி, பூச்சி நுழையாமல் இருக்க வேண்டுமே என்பது காரணம். அதற்கு ஒரு துணியைக் கட்டிவைத்தால் போதும். இழுபட்டே ஆறு மாதம் கிடந்த ரப்பர், வெடிக்காவிட்டாலும், தன் இழுவிசையில் ஒரு பங்கை நிரந்தரமாக இழந்துவிடும். அடுத்த பருவத்தில் லொடலொடவென்று உட்காரும். மூடிகளைக் கழுவி, உலர்த்தி, மடிக்காமல், மேலே கனம் வைக்காமல், இருட்டும் குளுமையுமான அலமாரியில் தட்டையாக வையுங்கள். கார்க் கொட்டகையில் மின் மோட்டார், பாட்டரி சார்ஜர், வெல்டிங் வேலை நடக்கும் மூலைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். தீப்பொறி பறக்கும் இடமெல்லாம் ஓசோன் பிறக்கும் இடம். தாமிரம், பித்தளைச் சாமான்களும் மூடியைத் தொட்டுக்கொண்டு கிடக்கக் கூடாது, ஏனென்றால் தாமிரம் இயற்கை ரப்பரின் சிதைவை வேகப்படுத்தும்.

இத்தனை செய்தாலும் மூடி ஒருநாள் போகும். எப்போது மாற்றுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது: விளிம்பை விரல்களுக்கிடையே பின்னோக்கி மடக்கும்போது வெடிப்பின் அடி தெரியாமல், நகம் உள்ளே இறங்கினால் அந்த மூடி அடுத்த பயணத்துக்கு இல்லை. நகம் மேலே வழுக்கிப் போகும் நுண்கோடுகள் என்றால் அமைதியான ஏரிக்கும் கழிமுகத்துக்கும் இன்னும் கொஞ்சநாள் ஆகும். முன் மூடியும் பின் மூடியும் ஒரே அளவாக இருந்தால் ஒரு உபரி மூடி இரண்டுக்கும் பொருந்தும். நெடும்பயணத்தில் அதை உட்காரும் குழிக்குள் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். உபரி இல்லாமல் நடுவழியில் கிழிந்துபோனால், தடித்த பிளாஸ்டிக் தாளை வாய்மேல் விரித்து, படகு விளிம்பின் கழுத்தைச் சுற்றி எலாஸ்டிக் கயிற்றால் இரண்டு மூன்று சுற்று இறுக்கிக் கட்டி, கரையை ஒட்டியே துடுப்புப் போட்டுத் திரும்பிவிடலாம். அந்த அறைக்குள் காற்றடைத்த பைகளையோ வாய் இறுகக் கட்டிய தண்ணீர் புகாப் பைகளையோ நிரப்பிவிட்டால், தாள் கிழிந்தாலும் தண்ணீர் வந்து உட்கார அங்கே இடம் மிஞ்சாது.